மறைப்புச் சம்மதம்

அறுபத்து மூன்றாவது வயதில் ஜெயசீலிக்கு மறுபடியும் ஒரு வேலை வந்தது. முப்பத்தாறு வருடம் செவிலியாக இருந்தவள். கடைசி ஒன்பது வருடம் பெண்கள் வார்டுக்குத் தலைமைச் செவிலி. ஓய்வு பெற்ற பிறகு பாளையங்கோட்டை வீட்டில் காலையில் எழுந்தால் இரவு வரை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். அலமாரியை அடுக்குவாள், அடுக்கியதையே மறுநாள் மாற்றி அடுக்குவாள். அப்போதுதான் பெருமாள்புரத்தில் புதிதாகக் கிளை திறந்த நினைவரண் மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவளுடைய கணவர் ஐசக் தங்கதுரை, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தானே கூட்டிக்கொண்டு போனார்.

மையத்தை நடத்திய டாக்டர் உமையாளுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மேசையில் கையை வைக்காமல், மடியில் வைத்துக்கொண்டு பேசுவாள். நினைவு மங்கத் தொடங்குவதை இப்போது ரத்தத்திலேயே எட்டு வருடம் முன்னால் கண்டுபிடித்துவிட முடிகிறது, ஆனால் நிறுத்துகிற மருந்துதான் இன்னும் வரவில்லை என்றாள். நடை, உப்பைக் குறைப்பது, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, காது கேட்காவிட்டால் உடனே கருவி வைப்பது, நல்ல தூக்கம், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்வது, தினமும் மனிதர்களோடு பேசுவது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் காப்பாற்றும். இதையெல்லாம் ஒரு நோயாளியைத் தனியாகச் செய்யச் சொன்னால் பத்து நாளில் விட்டுவிடுவார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளர். அவரும் கூடவே இருந்து எல்லாவற்றையும் தானும் செய்ய வேண்டும்.

இரண்டே விதிகள். நோயாளிக்குத் தான் நோயாளி என்று தெரியக் கூடாது. மூத்தோர் நடைக் குழுவில் சேர்ந்த ஒரு சிநேகிதியாகத்தான் பழக வேண்டும். இரண்டாவது, அன்றன்றைக்குப் பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்றைக்கு நேர்முகத் தேர்வு என்று இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். இது நோயாளிகளுக்கு வைக்கிற பரிசோதனையல்லவா என்று ஜெயசீலி சிரித்துக்கொண்டே கேட்டாள். துணையாளர்களுக்கும் வைத்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றாள் டாக்டர். அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு வாரத்தில் புகைப்படம் ஒட்டிய அட்டை வந்தது. ஜெயசீலி அதைப் பழைய கைப்பையில், முன்பு ஆஸ்பத்திரி அட்டை வைத்திருந்த அறையிலேயே வைத்தாள்.

அவளுக்குக் கொடுக்கப்பட்டவள் பேச்சியம்மாள். அறுபத்தாறு வயது, ஓய்வு பெற்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் மகன் மாதம் ஒருமுறை போனில் பேசுவான். மகாராஜநகரில் இரண்டறை வீட்டில் தனியாக இருந்தாள். முதல் நாள் மைதானத்தில் ஜெயசீலியைப் பார்த்ததும், மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நீங்க நர்ஸா என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்றதற்கு, கை கழுவுகிற மாதிரியே விரலைத் தேய்க்கிறீர்கள் என்றாள். அன்றிலிருந்து ஜெயசீலி அவளுக்கு சிஸ்டர். மூன்று வயது மூத்தவள் என்பதால் அவள் ஜெயசீலிக்கு அக்கா.

வாரத்தில் ஐந்து நாள் சந்தித்தார்கள். வ.உ.சி. மைதானத்தில் நான்கு சுற்று. பிறகு உழவர் சந்தை. எழுதி வைத்துக்கொள்ளாமல் எட்டுக் காய்களை ஞாபகத்தில் வைத்து வாங்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு. பிறகு பேச்சியம்மாள் வீட்டில் ஒரு மணி நேரம் மலையாளம். இரண்டு பேருக்கும் அது புது மொழி. பேச்சியம்மாள் எழுத்தை லத்தி பிடிப்பதுபோல் அழுத்தி எழுதுவாள், தாள் கிழியும். அவளுக்காகவே ஜெயசீலி தன் குழம்பிலும் உப்பைக் குறைத்தாள். அவளை வைத்துக்கொண்டு தானும் காதைச் சோதித்தாள், இடது காதில் கருவி வைத்தாள். அவள் மாத்திரை போடுகிறாளா என்று பார்ப்பதற்காகத் தன் மாத்திரையையும் அவள் வீட்டுக்கே எடுத்துப் போனாள்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. ஜெயசீலி ஐந்து வயது குறைந்தவள்போல் ஆகிவிட்டதாக ஆலயத்தில் எல்லோரும் சொன்னார்கள். மாலையில் காப்பி குடிக்கும்போது ஐசக்கிடம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவாள். பேச்சியம்மாள் ஒரே கதையை இரண்டு தரம் சொன்னது, மஞ்சள் பூசணிக்குப் பதில் வெள்ளைப் பூசணி வாங்கியது, ஒருநாள் தப்பான பஸ்ஸில் ஏறப்போனவளைத் தான் கையைப் பிடித்து இறக்கியது. பாவம், அக்காவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போகிறது என்பாள். ஐசக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆனி மாதம் ஒரு காலையில், சந்தையில் சேனைக்கிழங்கு பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் அப்படியே சாக்குமேல் உட்கார்ந்துவிட்டாள். முகம் வியர்த்திருந்தது. ஜெயசீலி நாடியைப் பிடித்துப் பார்த்தாள், ஆட்டோ கூப்பிட்டாள், பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு பாட்டில் ஏற்றிப் படுக்க வைத்தார்கள்.

பணியில் இருந்த செவிலி கோமதி, ஒரு காலத்தில் ஜெயசீலியிடம் வேலை பழகியவள். அறுபது தாண்டிய எல்லோருடைய மணிக்கட்டிலும் அரசாங்கம் கட்டிவிட்ட சுகாதாரப் பட்டை உண்டு. அதன்மேல் கருவியை வைத்தால் அவர்களுடைய மருத்துவ விவரம் திரையில் வரும். கோமதி பேச்சியம்மாளின் பட்டையில் வைத்தாள். பிறகு, உடன் வந்தவரையும் பதிய வேண்டும் சிஸ்டர் என்று சொல்லி ஜெயசீலியின் பட்டையிலும் வைத்தாள். திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

முப்பத்தாறு வருடம் இதே வேலையைச் செய்தவளுக்கு அந்தத் திருப்பலின் அர்த்தம் தெரியும். ஜெயசீலி மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கோமதி தடுக்கவில்லை.

திரையில் இரண்டு வரிசை, ஒன்றன்கீழ் ஒன்று. இரண்டும் ஒரே நிறம். இணை எண் நூற்றுப் பதினேழு, அ: பேச்சியம்மாள். இணை எண் நூற்றுப் பதினேழு, ஆ: ஜெயசீலி. இரண்டு பெயருக்கும் எதிரே ஒரே வாசகம் இருந்தது. நினைவுக் குறைவு, ஆரம்ப நிலை. நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டாம், மறைப்புச் சம்மதம் உண்டு. சம்மதம் அளித்தவர் என்ற இடத்தில் முதல் வரிசையில் அண்ணன் மகன் பெயர். இரண்டாவதில் ஐசக் தங்கதுரை, கணவர்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சிஸ்டர்" என்றாள் கோமதி.

ஜெயசீலி பேச்சியம்மாளின் கட்டிலுக்குப் போய் ஏற்றுகிற வேகத்தைப் பார்த்தாள். சொட்டு கொஞ்சம் வேகமாக இருந்தது, குறைத்தாள். பாட்டில் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிப்போய், கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனாள்.

ஐசக் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இவள் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து மத்தியானச் சமையலில் பாதி அவருடையது. ஜெயசீலி செருப்பைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றாள்.

"என் ரத்தத்த எப்பம் எடுத்துக் கொடுத்தீய?"

அவர் கை நின்றது. சர்க்கரை பார்க்கலாம் என்று ஒருமுறை இரண்டு பேரும் போனோமே, அப்போது என்றார். பொய் சொல்ல முயலவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அவர் சொன்னது இதுதான். முடிவு வந்த அன்றைக்கு டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். புதுச் சட்டப்படி வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டால், நோயாளியிடம் நோயைச் சொல்லாமலே சிகிச்சை செய்யலாம். சொல்லிவிட்டால் இரண்டு வருடம், மூன்று வருடம்தான் நினைவு தாங்கும். சொல்லாமல் இந்தத் திட்டத்தில் சேர்த்தால் ஆறேழு வருடம்கூட இப்படியே இருக்கலாம். யோசிக்க ஒருநாள் தருகிறேன் என்றாளாம். அவர் அந்த நாற்காலியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா?"

"கேட்டா சொன்னதா ஆயிருமே, சீலி."

ஜெயசீலி அந்தப் பதிலை யோசித்துப் பார்த்தாள். அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அது அவளை அடித்துப்போட்டது. நாற்பது வருடம் கூட இருந்த மனிதர், கேட்கவே முடியாத ஒன்றை அவளுக்காக முடிவு செய்து, தினமும் மாலையில் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். அவள் பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்லிச் சிரித்தபோதெல்லாம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

"சாயங்காலம் உங்ககிட்ட பேசும்போது, சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கேனா?"

ஐசக் துருவிய தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன தடவ?"

"அத யாரு எண்ணுனா" என்றார் அவர்.

அன்றைக்கு அவள் முன்னறையில் பாய் விரித்துக்கொண்டாள். பெண்கள் வார்டில் வேலை பார்த்த காலத்து ஞாபகம் ஒன்று வந்து போகாமல் நின்றது. செண்பகவல்லி என்று ஒரு நோயாளி. புற்றுநோய். அவளிடம் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர் என்று மகன்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செண்பகவல்லி ஒருநாள் கண்ணைப் பார்த்து, எனக்கு என்ன சிஸ்டர் என்று கேட்டாள். வெறும் கட்டிதான், கரைந்துவிடும் என்று ஜெயசீலி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை எப்படி வைத்துக்கொள்வது என்று அப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. செண்பகவல்லி இறந்துபோனாள், யாரும் கேள்வி கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு முந்திய அந்த முகம் மூக்குத்தியோடு தெளிவாக இருந்தது. அன்றைக்குக் காலையில் வாங்க நினைத்த எட்டுக் காய்களில் ஐந்துக்கு மேல் வரவில்லை.

மறுநாள் மையத்துக்குப் போனாள். கோமதி ஏற்கெனவே தகவல் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. டாக்டர் உமையாள் வாசலுக்கே வந்து கூட்டிப்போனாள். மன்னிப்புக் கேட்டாள். ஜெயசீலி அதைக் கேட்க வரவில்லை என்றாள். எதற்காக இப்படி, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

"ஆரம்பத்துல நல்ல ஆரோக்கியமான ஆட்களைத்தான் துணையாளரா வச்சோம்" என்றாள் டாக்டர். "நோயாளிகளுக்குக் கொஞ்சம் பலன் இருந்துச்சு. ஒரு தடவை தவறுதலா, துணையாளரா எடுத்த ஆட்கள்ல ரெண்டு பேருக்கு ஏற்கெனவே நோய் ஆரம்பிச்சிருந்தது. அவங்க ரெண்டு பேரும் மட்டும் நாலு வருஷம் கீழேயே இறங்கல. நடை, உப்பு, மலையாளம் எல்லாம் மத்தவங்களுக்கும் குடுத்ததுதான். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. இன்னொருத்தருக்கு நான்தான் பொறுப்புன்னு அவங்க நம்புனாங்க. பார்த்துக்கிறவரோட மூளை நிக்குது. பார்த்துக்கப்படுறவரோட மூளை விட்டுக்கொடுத்துடுது."

அதனால் இரண்டு நோயாளிகளை இணைத்து, இருவரிடமும் மற்றவர்தான் நோயாளி என்று சொல்கிறார்கள். இந்த ஜில்லாவில் மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு இணைகள்.

"அப்பம் பேச்சியம்மாக்காவும் என்னப் பத்தி எழுதிக் குடுத்துருக்காவளா?"

இப்போது தெரிந்துவிட்டதால் கேட்டால் காட்டத்தான் வேண்டும், அதுவும் சட்டம்தான் என்று சொல்லி டாக்டர் திரையைத் திருப்பினாள்.

பேச்சியம்மாள் ஸ்டேஷனில் எழுதுவதுபோலவே எழுதியிருந்தாள். மேற்படி நபர் காலை 10.10 மணிக்கு வந்து சேர்ந்தார். மேற்படி நபர் தன் கல்யாணத்தில் பந்தல் சரிந்த சம்பவத்தை இன்று நான்காவது முறையாகக் கூறினார், முதல்முறை கேட்பதுபோல் நடந்துகொண்டேன். மேற்படி நபருக்கு மூக்குக் கண்ணாடி தலையில் இருப்பது தெரியவில்லை, சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். ஜெயசீலி படிக்கப் படிக்க முகம் சுட்டது. இதே நாட்களில், இதே மாதிரி, சிரிக்காமல், முதல்முறை கேட்பதுபோல், தானும் எழுதியிருக்கிறாள்.

மாசி மாதம் ஒரு தேதியில் கண் நின்றது. மேற்படி நபர் ஜங்ஷன் செல்வதற்குப் பதிலாக சீவலப்பேரி பேருந்தில் ஏற முற்பட்டார், நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

"இது நடந்தது. ஆனா ஏறப்போனது அவிய. கையப் பிடிச்சது நான். நான் எழுதியிருக்கேன், பாருங்க."

டாக்டர் இரண்டு பட்டைகளும் போன வழியை வைத்து வரைந்த படம் ஒன்றை எடுத்தாள். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு கோடுகள், ஒட்டிக்கொண்டே, வயல்களைத் தாண்டிப் போயின. சீவலப்பேரியில் ஐம்பது நிமிடம் ஒரே இடத்தில் நின்றன. பிறகு அதே வழியில் திரும்பின.

"ரெண்டு பேரும்தான் ஏறுனீங்க. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டீங்க. கண்டக்டர்தான் திரும்பி வர்ற வண்டியில உக்கார வச்சு அனுப்பியிருக்கார். ரெண்டு பேருக்குமே அது ஞாபகத்துல வேற மாதிரிப் பதிஞ்சிருக்கு."

ஜெயசீலி அந்தப் படத்தைக் கேட்டாள். அச்செடுத்துக் கொடுத்தார்கள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கப் போனவள், திரையில் கீழே இருந்த கடைசிக்கு முந்தின குறிப்பைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள்.

மேற்படி நபர் இன்று தன் மகளைப் பற்றிப் பேசினார். பேசியது என்ன என்பதை எழுத வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

பிறந்து பதினோராம் நாள் போய்விட்ட குழந்தை. ஜெயசீலி அதைப் பற்றி முப்பது வருடமாக யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஒருநாள் மலையாளப் பாடத்துக்கு நடுவே பேச்சியம்மாளிடம் சொல்லியிருந்தாள். அதே மாதம் பேச்சியம்மாளும் ஒன்று சொல்லி அழுதாள், தன் காவலில் இருந்தபோது தூக்கில் தொங்கிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி. ஜெயசீலி அன்றைக்கே அதை வரி விடாமல் எழுதிக் கொடுத்திருந்தாள். மனநிலை தளர்வு, அழுகை பன்னிரண்டு நிமிடம் என்று.

புறப்படும்போது டாக்டர் ஒன்றைக் கேட்டுக்கொண்டாள். தெரிந்துகொண்டவர்களில் பாதிப்பேருக்கு ஒரு வருடத்துக்குள் சரிவு வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததை இனி மாற்ற முடியாது. பேச்சியம்மாளுக்காவது தெரியாமல் இருக்கட்டும்.

"நான் சொன்னா என்னயப் பிடிச்சு உள்ள போடுவாவளா?"

"அப்படி எதுவும் இல்லம்மா."

"பின்ன எதுக்கு என்கிட்ட கேக்குதீய? அவியகிட்ட கேட்டீயளா?"

திரும்பி வருகிற வழியில் மைதானம். காலை நடைக்கு வந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். இத்தனை நாள் பார்த்த அதே ஆட்கள்தான். இரண்டு இரண்டு பேராக நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் இன்னொரு கிழவரின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார். அந்த இன்னொருவரோ, பொத்தான் போட்டுவிட்டவர் தடுக்கி விழாமல் இருக்க அவர் முழங்கையைத் தாங்கியிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே பொறுமை. ஜெயசீலி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்களில் எத்தனை பேரைத் தனக்குப் பெயர் சொல்லித் தெரியும் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் எங்கும் போகவில்லை. ஐசக் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார், அவர் போன பிறகு சாப்பிடுவாள். ஒருமுறை அவர் வாசலில் நின்று, உன்னை இழந்துவிடுவேன் என்று பயந்துதான் செய்தேன் என்றார். ஜெயசீலி, பயந்தது நீங்க, அந்தப் பயத்துக்குள்ள குடியிருந்தது நான் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் வீட்டுக்குப் புறப்பட்டாள். சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். தனக்குச் செய்ததை இன்னொருத்திக்குத் தான் செய்வதில்லை, அதற்குப் பிறகு வருவது வரட்டும். படம் கைப்பையில் இருந்தது.

பேச்சியம்மாள் தேறியிருந்தாள். கூந்தலை இழுத்துக் கொண்டை போட்டு, ஒரு விசாரணைக்கு உட்காருவதுபோல் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தாள். மலையாளப் புத்தகத்தை எடுக்கவில்லை. ஜெயசீலியை உட்காரச் சொன்னாள். நான் ஒன்று சொல்ல வேண்டும், முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது என்றாள்.

"நான் உங்களுக்குச் சிநேகிதியா வரல சிஸ்டர். அனுப்பி வந்தேன். உங்களுக்கு மறதி வர ஆரம்பிச்சிருக்குன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது. தெரியக்கூடாதுன்னு எங்கிட்ட எழுதி வாங்கிட்டாவ. தினமும் உங்களப் பத்தி எழுதிக் குடுத்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சுப் பாக்கேன், நீங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கீய. உங்க முகம் செத்த முகமா இருந்துச்சு. எனக்கு ஒண்ணுன்னா இவ்வளவு பதறுத பொம்பளய, பின்னால இருந்து வேவு பாத்துருக்கோமேன்னு ஆயிப்போச்சு. இனி எழுத மாட்டேன்னு நேத்து டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். நோய் உங்களோடது. அத உங்ககிட்ட மறைக்க ஒருத்தருக்கும் பாத்தியத கெடையாது."

சொல்லி முடித்துவிட்டு முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் மறைத்தாள், புருஷன் மறைத்தார், சட்டம் அதற்குத் தாள் அடித்துக் கொடுத்தது. விதியை மீறி உண்மையைச் சொன்ன ஒரே ஆள், பாதி உண்மை மட்டுமே தெரிந்த இவள்தான். பதினான்கு மாதத்தில் ஒருநாள்கூட, அக்காவிடம் சொல்லிவிடலாமா என்ற நினைப்பே தனக்கு வரவில்லை என்பது அப்போதுதான் ஜெயசீலிக்கு உறைத்தது. நோயாளியிடம் சொல்லாமல் இருப்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல் பழகிப்போயிருந்தது.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுது. அதான் முகம் அப்படி இருந்துச்சு." பிறகு சொன்னாள். "உங்களுக்கும் அதேதான். என்னையும் உங்களுக்குத் துணையாளுன்னு சொல்லித்தான் அனுப்புனாவ. நானும் எழுதுனேன். ரெண்டு பேருமே நோயாளிதான்க்கா."

பேச்சியம்மாள் அவளையே பார்த்தாள். முதலில் ஒரு போலீஸ்காரியின் பார்வை. அது நீண்ட நேரம் இருந்தது. பிறகு, ஜெயசீலி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பார்வை கரைந்து, முகம் மெத்தென்று ஆனது. நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள். ஜெயசீலியின் முதுகில் கையை வைத்தாள்.

"சரி சிஸ்டர்" என்றாள். "அப்படியே இருக்கட்டும். ரெண்டு பேருமே நோயாளிதான். ஒண்ணா இருந்து பாத்துக்கிடுவோம், என்ன?"

அந்தக் குரல் ஜெயசீலிக்கு நன்றாகத் தெரியும். எதிராளி சொல்வதை நம்பாமல், மறுக்கவும் செய்யாமல், மெதுவாக ஆமாம் போடுகிற குரல். பதினான்கு மாதமாக அதே குரலில்தான் அவள் பேச்சியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் நெசமாத்தான் சொல்லுதேன்க்கா."

"நான் இல்லன்னு சொல்லலயே" என்று முதுகைத் தடவினாள் பேச்சியம்மாள். "காலைல சாப்பிட்டீயளா?"

ஜெயசீலி கைப்பைக்குள் கையை விட்டாள். விரலில் அந்தத் தாள் பட்டது. அதை எடுத்து விரித்து, சீவலப்பேரி வரை போன இரண்டு கோடுகளையும் காட்டினால் போதும். இவள் வாழ்நாளெல்லாம் சாட்சியம் பார்த்தவள், ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வாள். புரிந்த அந்த நிமிடத்திலிருந்து முதுகில் இருக்கிற இந்தக் கை என்ன ஆகும் என்றும் ஜெயசீலிக்குத் தெரிந்தது. மூன்று நாளாகத் தன் கைகள் இருக்கிற மாதிரி ஆகும். காலையில் எழுந்து யாருக்காக, எதற்கு என்று கேட்கும்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது என் குற்றமா என்று ஒரு நினைப்பு வந்தது. அது எவ்வளவு சௌகரியமான நினைப்பு என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை மூடினாள்.

பேச்சியம்மாள் இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, பக்கத்திலேயே நின்று சாப்பிட வைத்தாள். சட்னியில் உப்பே இல்லை. ஜெயசீலி சாப்பிட்டு முடித்ததும் பேச்சியம்மாள் கையை நீட்டினாள்.

"இனிமே உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒளிவு மறைவு கெடையாது. சத்தியம் பண்ணுங்க."

ஜெயசீலி அந்தக் கையில் தன் கையை வைத்தாள். சத்தியம் என்றாள்.

பிறகு இருவரும் நடக்கக் கிளம்பினார்கள். தெருமுனையில் பேச்சியம்மாள் ஜெயசீலியின் கையைப் பிடித்து, வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, சாலையைத் தாண்ட வைத்தாள். அவள் நடையில் பழைய மிடுக்கு வந்திருந்தது. ஜெயசீலி அவளுக்கு ஒரு அடி பின்னால், சின்னப் பிள்ளைபோல, இழுத்த இழுப்புக்கு நடந்தாள். இனி தினமும் எதைச் சொல்லக் கூடாது என்பதை மறக்காமல் இருக்க வேண்டும். இவள் முகம் பார்த்து, வார்த்தை பார்த்து, சிரிப்பைச் சரியான அளவில் வைத்துக்கொண்டு, எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள். ஐசக் பதினான்கு மாதம் செய்த வேலை. அது எவ்வளவு பாரம் என்று இப்போது தெரிந்தது. அதற்காக அவரை மன்னிக்கத் தோன்றவில்லை.

"என்ன யோசன சிஸ்டர்?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள் பேச்சியம்மாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் ஜெயசீலி. "என்ன காய் வாங்கணும்னு யோசிச்சேன்."